திண்டிவனத்து இரவும் வேலூர் மருத்துவமனையும்

வல்லம் என்றதும் தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லமே பலருக்கு நினைவில் எழும். நாம் இங்குக் குறிப்பிடும் வல்லம் வேறு. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டைக்கு அண்மையில், ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே தன் பெயரைத் தந்திருக்கும் ஊர் அது. பாறைக் குன்றுகளும் ஏரிகளும் நிறைந்த நிலப்பகுதி. ஏரி நிரம்பிய ஆண்டில் நெல் விளையும். நிரம்பாத ஆண்டில் வானத்தைப் பார்த்து மணிலா விதைப்பார்கள். நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்று அழைக்கிறார்கள். விளைந்ததைச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், விளையாத காலத்தில் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் புறப்படுவதும் இவ்வூர்களின் வாழ்க்கை.

இப்பகுதிக்கு வருவோர் பெரும்பாலும் கோட்டையைக் காணவே வருகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை இணைத்து எழுந்த மதில்களைக் காணும் எவரும் வியக்காமல் இருக்க முடியாது. நாயக்கர்கள், 1649 முதல் பீஜப்பூர் சுல்தான்கள், 1677-இல் சத்ரபதி சிவாஜி, 1698-இல் மொகலாயர், பின்னர் ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ கைகள் மாறிய கோட்டை இது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் இராணுவ நிலத்தோற்றங்கள் என்னும் தொகுப்பில் செஞ்சியையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அத்தொகுப்பிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றே.

கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. 1714-இல் தேசிங்கு ராஜனை வென்ற ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெயரால், அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தது அது. தேசிங்கின் கதையை நாட்டுப்புற மக்கள் இன்றும் கண்ணீருடன் சொல்கிறார்கள். அவனுடைய உயிர்த் தோழன் மகமதுகான் மணப்பந்தலிலிருந்தே எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்து மடிந்தான் என்பது அக்கதையின் உயிர்ப்பகுதி. தேசிங்கின் இளம் மனைவி கணவனுடன் உடன்கட்டை ஏறினாள் என்றும், அந்த ராணியின் நினைவாகவே ஆர்க்காட்டுக்கு எதிரே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை என்னும் ஊரை நவாபு உண்டாக்கினார் என்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது.

அந்த ராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஐடா ஸ்கடர். இளம்பெண் ஒருத்தியின் மரணத்தால் பெயர் பெற்ற ஊரில் பிறந்த அக்குழந்தை, வளர்ந்தபின் இந்நாட்டு இளம்பெண்களை மரணத்திலிருந்து மீட்பதற்கே தன் வாழ்நாளைச் செலவிட்டது. கோட்டையைக் காண வரும் நம்மவர்கள், கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் நடந்த அந்த வரலாற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். அதில் நம் சமுதாயத்து வீடு ஒன்றும் இருக்கிறது.

மூன்று வீடுகள்

செஞ்சியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை திண்டிவனத்தை அடைகிறது. இன்று புறவழிச் சாலையும் பேருந்துகளின் இரைச்சலுமாக இருக்கும் இந்நகரம், 1890-களில் தென்னார்க்காடு மாவட்டத்தின் சிற்றூர்களுள் ஒன்று. ஐடாவின் தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடர் அங்கே மருத்துவராகப் பணியாற்றினார். பாட்டனாரான முதல் ஜான் ஸ்கடரோ 1819-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியவர். ஆயினும் ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணம் சிறிதும் இல்லை. வறுமையும் வெயிலும் நோயுமான இந்நாட்டைவிட்டு அமெரிக்காவில் வாழவே அவர் விரும்பினார். நோயுற்றிருந்த தாயைக் கவனிக்கவே இருபது வயதளவில் திண்டிவனத்துக்கு வந்திருந்தார்.

ஓர் இரவு அவர் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நின்றார். அவர் ஒரு பிராமணர். இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், தாங்கள் வந்து காப்பாற்ற வேண்டும் என்று மன்றாடினார். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையாரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு வந்தவர் இசையவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அதே இரவில் மற்றொருவர் வந்தார். அவர் ஒரு முஸ்லிம். அதே துயரம், அதே வேண்டுகோள். ஐடா சொன்ன மறுமொழியும் அதுவே. அவர் மறுத்த காரணமும் அதுவே. மூன்றாவதாக வேறு குலத்தைச் சேர்ந்த ஓர் இந்து வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அறைக்குள் சென்று நெடுநேரம் தனித்திருந்த ஐடா, பிறகு பெற்றோரிடம் வந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, இந்நாட்டுப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகத் தெரிவித்தார்.

இவ்வரலாற்றைப் படிப்பவர் பலர் அம்மூன்று கணவர்களையும் கல்நெஞ்சர்கள் என்று எளிதாகத் தீர்ப்பளித்து விடுகிறார்கள். அது முறையன்று. மனைவியின் உயிரைப் பொருட்படுத்தாதவன் நள்ளிரவில் அயல்நாட்டார் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். அவர்கள் கேட்டது ஒன்றே: ஒரு பெண் வரவேண்டும். மதத்தால் வேறுபட்ட மூவரும் இதில் வேறுபடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்ணின் மறைவைப் பேணுவது அக்காலத்தில் முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கமாக இருக்கவில்லை.

பெண்களுக்கான மருத்துவமனை அன்று இல்லாமலும் இல்லை. 1885-ஆம் ஆண்டிலேயே, மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டுவிட்டது. திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுதான். முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் இடையே ரயிலும் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் என்ன பயன்? தலை திரும்பாத குழந்தையோடும் நிற்காத உதிரப்போக்கோடும் போராடும் ஒரு பெண்ணுக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மருத்துவமனை இல்லாததற்குச் சமம். நகரத்தில் எத்தனை மருத்துவமனைகள் இருந்தாலும், ஏழை கிராமத்தின் அருகில் ஒன்று இல்லையென்றால் இறப்பு நிற்பதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த முஸ்லிம் கணவரைத் தடுத்தது மார்க்கச் சட்டமன்று, ஊர் வழக்கமே. ளரூரத் எனப்படும் தவிர்க்க முடியாத தேவை ஏற்படும்போது, விலக்கப்பட்டதும் தேவையின் அளவுக்கு ஆகுமாகிவிடும் என்பது ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பெண்ணுக்குப் பெண் மருத்துவரே முதலில் தேடப்பட வேண்டும். கிடைக்காவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம். மஹ்ரமானவர் ஒருவர் உடன் இருப்பது நல்லது. இதை மத்ஹபு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஓதிப்படித்த ஒருவர் அன்றிரவு அவர் அருகில் இருந்து இதைச் சொல்லியிருந்தால், ஒருவேளை அந்தப் பெண் பிழைத்திருக்கக்கூடும். முடிவு அல்லாஹ்வின் கையில். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லும் கடமை ஆலிம்களுடையது.

அதே விதியின் முதற்பகுதியையும் நாம் மறந்துவிடக் கூடாது. பெண் மருத்துவரே முதலில் தேடப்பட வேண்டும் என்றால், தேடினால் கிடைக்கும்படி பெண் மருத்துவர்கள் இருக்க வேண்டும் அல்லவா? அவர்களை உருவாக்குவது யார் பொறுப்பு? ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவு உலூமித்தீன் என்னும் நூலில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள். சமுதாயத்தில் போதுமானவர்கள் அதனைச் செய்தால் எல்லோருடைய கடமையும் நிறைவேறும். எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். தம் காலத்துப் பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. மாணவர்கள் எல்லோரும் சட்டக் கலைக்கே ஓடுகிறார்கள் என்றும் அப்பெருமகனார் வருந்தியிருக்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த வருத்தம் அது.

அதற்கும் முன்னே செல்வோம். அகழ்ப்போரின் போது காயமுற்ற ஸஃது இப்னு முஆது (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் அமைந்திருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த முன்மாதிரியைப் பின்பற்றிய சமுதாயம் 1284-இல் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் வக்ஃபு செய்த மாபெரும் மருத்துவமனையைக் கண்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள்; ஏழை, செல்வர் என்ற வேற்றுமை இல்லாத இலவச மருத்துவம். இத்தனை வரலாறு இருந்தும், திண்டிவனத்தில் அந்த முஸ்லிம் கணவர் தட்டுவதற்கு நம்முடைய கதவு ஒன்றுகூட இருக்கவில்லை.

வேலூரை நோக்கி

ஐடா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1899-இல் நியூயார்க் நகரத்துக் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையோடு தாயகம் திரும்பினார். தாயகம் என்று நாம் எழுதுவதில் பிழையில்லை. அவர் பிறந்த மண் இதுதானே! 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணி தொடங்கியது. 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூர் சுமார் நூறு கிலோமீட்டர். ஆரணிச் சாலையில் நகருக்குள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவது பாகாயத்துக் கல்லூரி வளாகம். கருங்கல் கட்டடங்களும் அடர்ந்த மரங்களுமாக அமைதியான இடம். அதே சாலையில் மேலும் சென்றால் பழைய ஷெல் மருத்துவமனை; அது பின்னாளில் கண் மருத்துவமனையாயிற்று. நகரின் நடுவே, தோட்டப்பாளையத்தில் இருக்கிறது தலைமை மருத்துவமனை. ஒற்றைப் படுக்கையில் தொடங்கிய கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. எதிரிலுள்ள தெருக்களில் கடைப்பலகைகள் வங்காள மொழியிலும் எழுதப்பட்டிருக்கின்றன. வங்காளம், ஜார்க்கண்டு, அஸ்ஸாம், வங்கதேசம் முதலிய இடங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் நோயாளிகள் அங்கே ஏராளம். அவர்களுள் முஸ்லிம்களும் மிகுதி. பாங்கோசை கேட்டு, மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு விரையும் வெளியூர் முகங்களை எந்த நாளும் காணலாம்.

நாம் சென்றிருந்த நாளில், மகப்பேறுப் பகுதிக்கு வெளியே செஞ்சிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் பேத்திக்காகக் காத்திருந்தார். நம் தொப்பியையும் தாடியையும் கண்டு ஸலாம் சொல்லிவிட்டு அவரே பேசினார்: “அஜரத்து, பேத்திய உள்ள கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. டாக்டரம்மாதான் பாக்குறாங்க. எங்க காலத்துல ஏது இதெல்லாம்? பொழைச்சா புள்ள, போனா மண்ணு. துஆ செய்யுங்க.” பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் சொன்னது உவமையன்று, பட்டறிந்த உண்மை.

கட்டடத்தைவிடப் பெரியது

ஐடா ஸ்கடர் மருத்துவமனை கட்டியதோடு நின்றிருந்தால், அவருடைய வரலாறு ஓர் அறச்செயலாக மட்டும் முடிந்திருக்கும். ஒரு பெண் மருத்துவரால் எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும்? மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலை வழியே சென்று, மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்த்தார். அப்படியும் போதவில்லை. ஆகவே இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்க முனைந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி. 1918-இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. பெண்கள் படிக்க வருவார்களா என்று அன்றைய அதிகாரிகள் ஐயுற்றனர். வந்தார்கள், படித்தார்கள், முதல் அணியினர் 1922-இல் தேர்ச்சியும் பெற்றார்கள். 1942-இல் அது எம்.பி.பி.எஸ். பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல்தான் ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

சிந்திக்கத் தக்க செய்தி இது. ஆடவர் வேண்டாம் என்ற வழக்கத்தைக் கண்டித்து அவர் மேடையேறவில்லை. அவ்வழக்கம் மறையும்வரை காத்திருக்கவும் இல்லை. பெண் வேண்டும் என்று கேட்டார்கள், பெண்களை உருவாக்கினார். அவர் கிறித்துவ சமயத் தொண்டராக வந்தவர். நம் கொள்கை வேறு, அவர் கொள்கை வேறு. அதனால் அவர் செய்த நன்மையை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பதை நாம் மதரஸாவில் முதல் பாடங்களிலேயே கற்பிக்கிறோம்.

அந்நிறுவனத்தின் பணி கிராமங்களுக்கும் பரவியது. பாகாயத்தில் சமுதாய நல மருத்துவப் பிரிவு, கே.வி. குப்பத்தில் 1977-இல் தொடங்கிய கிராம நல நிலையம், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய பால் பிராண்டு அவர்களின் பணி எனச் சொல்ல எவ்வளவோ உண்டு. அங்கே எல்லா மருத்துவமும் இலவசம் என்று எண்ணிச் செல்லக் கூடாது. செலுத்த இயன்றவர் கட்டணம் செலுத்துகிறார். அவ்வருவாயிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் இயலாதவருக்குச் சலுகை தரப்படுகிறது. திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தேவையுள்ள ஊர்களின் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் உறுதியோடு சேர்கிறார்கள். தருமம் நிலைத்து நிற்பது இத்தகைய ஒழுங்குமுறையால்தான். தாமே திருமணம் செய்துகொள்ளாமல் உழைத்த ஐடா அம்மையார் 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தமது 89-ஆம் வயதில் கோடைக்கானலில் மறைந்தார்.

இன்றைய கடமை

செஞ்சி, வல்லம் வட்டாரம் இன்று 1890-களின் நிலையில் இல்லை. அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. 2010-இல் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். நாட்டின் அளவில் ஏறத்தாழப் பாதிதான். ஆயினும் 54 என்பது வெறும் எண்ணன்று, 54 வீடுகள். மூன்று வீடுகளின் துயரம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மாற்றியது என்றால், 54 வீடுகளின் துயரம் நம்மை அசைக்க வேண்டாமா?

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை பல உண்டு. பள்ளிவாசலுக்குரிய கடைகள், நிலங்களின் வருவாயில் வக்ஃபு நிபந்தனைக்கு உட்பட்டு ஒரு பகுதியை, நோயாளிகளின் பயணச் செலவுக்கும் மருந்துக்கும் ஒதுக்கலாம். பெருநாள் அன்று குருதிக் கொடையாளர் பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டலாம். கருவுற்ற பெண்ணை நாள் தவறாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு ஜும்ஆ மேடையில் கணவன்மார்களுக்குச் சொல்லலாம். ளரூரத்தின் சட்டத்தையும் விளக்கலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது நம் பெண் மக்களின் கல்வி. 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உள்ளது. வாயில் திறந்திருக்கிறது, நுழைவோர் வேண்டும். மருத்துவர் ஆக இயலாதவள் செவிலியர் ஆகலாம், மருந்தாளுநர் ஆகலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை தேடும் தந்தையிடம் ஒன்று கேட்கலாம்: உங்கள் மகளின் பிரசவத்துக்கு டாக்டரம்மாதான் வரவேண்டும் என்று நாளை நீங்களும் கேட்பீர்கள். அந்த டாக்டரம்மா யாருடைய மகளாக இருப்பாள்?

ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைப் பற்றித் திருமறை கூறுவதை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அதைச் செயலில் காட்டும் பெண் மக்களை ஊருக்கு ஒருவராவது படிக்கவைப்போம். செலவுக்கு இயலாத குடும்பத்துக்கு ஜமாஅத்தே பொறுப்பேற்கட்டும். வல்லத்திலும் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நம்மவர் வீடுகளிலிருந்து அத்தகைய பெண்கள் புறப்பட்டால், நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர் எந்தச் சமயத்தவராயினும் வெறுங்கையோடு திரும்ப நேராது, இன்ஷா அல்லாஹ்.